ஆளுண்டு

ரிலீஸ் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள்.
மூன்றாவது தேதி உறுதியானபோது
டெல்வின் தேங்காய்ப்பட்டணம் துறையில்
போட்டுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.
"நாப்பது நாள். முடிவ ஆரும் எனக்குப் பறையப்பிடாது, கேட்டியா.
ஒனக்க வாயி எனக்குத் தெரியும்."

முதல் மூன்று பாகமும் ஒன்றாகத்தான் பார்த்தோம்.
முதலாவதன்போது எங்களுக்கு மீசை இல்லை.
இரண்டாவதில் டிராகன் இறங்கியபோது
அவன் எழுந்து கத்திய கத்தில்
பின்சீட்டுக்காரர் முட்டை பப்ஸைத் தவறவிட்டார்.
மூன்றாவதன் கடைசியில்
ஆரணன் கப்பலோடு கடலுக்குள் போனான்.
வாளின் பிடி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.
திரை இருண்டது.
பைக்கில் திரும்புகையில்
குழித்துறைப் பாலம் தாண்டியும் டெல்வின் பேசவில்லை.
அவன் அண்ணன் புயலில் போய்
அப்போது பதினோரு மாதம்.

நாலாம் பாகத்துக்கு
பழக்கதோஷத்தில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன்.
ஜே-13, ஜே-14.
மார்த்தாண்டத்தில், மேம்பாலம் இறங்குமிடத்தில்,
காலை ஒன்பது மணிக் காட்சி, நல்ல மழை.
காலி இருக்கையில் ஹெல்மெட்டை வைத்தேன்.
ஒருவர் வந்து கேட்டார், "இதில ஆளுண்டா?"
"உண்டு."
"எங்க?"
"லட்சத்தீவுக்கு மேற்க."
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

படம் நன்றாகத்தான் இருந்தது.
மலை நடந்தது. செத்த படை எழுந்து வந்தது.
கடலைத்தான் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள்.
அலை இருந்தது, உயரம் இருந்தது, எடை இல்லை.
அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும் அந்த இறக்கம் இல்லை.
டெல்வின் இருந்தால் சிரித்திருப்பான்.
அவன் சிரித்திருக்கக்கூடிய இடத்தில்
நான் ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

கடைசிப் பத்து நிமிடம்.
கரையெல்லாம் தீ மூட்டி ஜனங்கள் காத்திருக்க
தண்ணீரைப் பிளந்துகொண்டு ஆரணன் வந்தான்,
மூன்று வருடம் அடியில் கிடந்தவன்,
தாடிகூடக் கலையாமல்.
விசில். பால்கனியிலிருந்து கிழித்த காகிதம் கொட்டியது.
எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஜி வரிசையில் மடியில் பையனோடு ஒருத்தி,
பேச்சை வைத்துக் கடற்கரைக்காரி என்று தெரிந்தது,
கூட்டத்தைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.
"வருவான், வருவான்" என்றாள்.
பையன் அவள் வாயைப் பொத்தினான்.

அப்புறம் அந்த முடிவை நான் சுமந்து திரிந்தேன்.
மொபைல் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்ட வருகிறவர்கள்
ஆரணனைப் பற்றி ஆரம்பித்தால்
ஏதோ அவன் பக்கத்தில் நிற்பதுபோல்
பதறிப் பேச்சை மாற்றினேன்.
இருபத்தாறாம் நாள் சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.
பாதி இரைச்சல்.
அம்மைக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தியா என்றான்.
சூரை என்ன வெலைக்குப் போவுது என்றான்.
பிறகு கொஞ்சம் கழித்து,
"லே, அவன் செத்தானா?"
நிமிடத்துக்கு எவ்வளவு காசு என்று அவனுக்குத் தெரியும்.
இருந்தும் காத்திருந்தான்.
"கேக்கல மக்கா" என்றேன்.
நன்றாகக் கேட்டது.

நாற்பத்துமூன்றாம் நாள் போட் அடைந்தபோது
தியேட்டரில் ஒரு பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது.
நான் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்:
"கொச்சிப் போட்டுக்காரப் பயல் ஒருத்தன்
வயர்லெஸ்ல எல்லாத்தையும் பறைஞ்சிற்றான்.
பத்தாம் நாளே."
"பின்ன எதுக்குலே எனக்கக்கிட்ட கேட்ட?"
ஒரு சூரையை வாலைப் பிடித்துத் தூக்கினான்.
கண்ணைப் பார்த்தான், மீனின் கண்ணை.
"நீ வேற ஏதாம் பறைவியான்னு பாத்தேன்."

ஏலக்காரர் விலை கூவ ஆரம்பித்திருந்தார்.
ஜே-14ஐ நீட்டினேன்.
கை ஈரம் என்று நெஞ்சை முன்னால் தள்ளினான்,
சட்டைப்பையில் நான்தான் வைத்தேன்.
"எவ்வளவு?"
"நூற்றித் தொண்ணூறு."
"கள்ளன்மாரு" என்றான்,
கடலைப் பார்க்காமல்.